முயலை விரட்டாத டிங்காவும் முடி வெட்டும் யூரிட்டும்

சுவீடன் எல்லையை ஒட்டிய ஹால்டன் ஊரில் யூரிட்டிடம் முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர்கள் தலையை மட்டும் கொடுத்தால் போதாது, காதையும் கொடுக்க வேண்டும். கத்தரி ஓடும் வேகத்தைவிட வாய் வேகமாக ஓடும். ஆற்றங்கரையை ஒட்டிய சின்னக் கடை, இரண்டு நாற்காலி. ஒன்றில் வெட்டு நடக்கும். மற்றதில் முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத யாராவது ஒருவர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருப்பார்.

யூரிட்டைக் கட்டியவன் சனிக்கிழமைதோறும் எல்லை தாண்டி சுவீடனுக்குப் போய் மலிவாகப் பன்றி இறைச்சி வாங்கி வருவான். எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். ஒரு சனிக்கிழமை இறைச்சியும் வரவில்லை, அவனும் வரவில்லை. இறைச்சிக் கடைக்காரியோடு அங்கேயே தங்கிவிட்டான். இதை யூரிட் யாரிடமும் மறைத்ததில்லை. "போன மனுஷன் அந்த வார இறைச்சியையாவது பஸ்ல குடுத்து அனுப்பியிருக்கலாம்ல?" என்று கேட்டு, வெட்டிக்கொண்டிருப்பவரின் தலை ஆடும் அளவுக்குச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கும். அவ்வளவுதான் அவள் துக்கம்.

டிங்கா என்ற நாய்க்குட்டி அவள் வீட்டுக்கு வந்தது பெரியம்மா மகன் ஓஸ்முன்னால். அவன் குழாய் வேலைக்காரன். வயதில் ஓராண்டு மூத்தவன். அந்த மரியாதையை யூரிட் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஓஸ்முன்னுக்கு உலகத்தில் இரண்டே விஷயம்: முயல், முயல் விரட்டும் நாய். அதிலும் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஹால்டன் வேட்டை நாய் மட்டும்தான் அவனுக்கு நாய். வெள்ளை உடம்பு, கறுப்புத் திட்டு, முகத்திலும் காலிலும் தேன் நிறம், தொங்கு காது. நாடு முழுக்க ஓராண்டில் பிறக்கும் ஹால்டன் குட்டிகளை ஒரு பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடலாம்; அந்தளவுக்கு அரிய இனம். ஓஸ்முன்னிடம் அப்போது நாலு நாய் இருந்தது. அவன் மனைவி பெர்கித் ஒருநாள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"இந்த வீட்டுல ஒரு நாய் குறையணும், இல்லாட்டி ஒரு ஆம்பள குறையணும். எதுன்னு நீயே முடிவு பண்ணு."

ஓஸ்முன் ரொம்ப நேரம் யோசித்ததாக பெர்கித் இன்றைக்கும் சொல்கிறாள். கடைசியில் ஆறு மாதக் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு யூரிட்டின் கடைக்குள் வந்தான்.

"சோறு போட்டு வளர்க்கிறது நீ. நாய் என் பேர்லயே இருக்கும். வேட்டைக் காலத்துல நான் கூட்டிட்டுப் போவேன். வேட்டைத் தேர்வுல ஒரு பரிசு வாங்கணும், அப்பத்தான் நாய்ச் சங்கத்துல குட்டி போட சம்மதிப்பாங்க. ஒரு ஈத்து குட்டி போட்டுட்டா, அப்புறம் அவ முழுசா உனக்கு."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். அரிய நாய் வைத்திருப்பவர்கள் பெட்டை நாயை இப்படி வேறு வீட்டில் வளரவிடுவார்கள்.

"எனக்கு எதுக்குடா நாய்? தரையில கிடக்கிற முடியைக் கூட்டவே நேரமில்ல," என்றாள் யூரிட். குட்டி அவள் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒரே வாரத்தில் டிங்கா சோபாவுக்கு வந்தாள். இரண்டாம் வாரம் கட்டிலுக்கு. ஞாயிறுதோறும் யூரிட் அவளை மடியில் போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்துத் தொங்கு காதுகளைத் துடைப்பாள். தொங்கு காதுக்குள் காற்றுப் போகாது, விட்டால் புண் வைக்கும். நகம் வெட்டுவாள். காட்டு ஓரம் நடந்துவிட்டு வந்தால் விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பாள். வயிறு சரியில்லையென்றால் காட் மீனை அவித்து, முள் எடுத்து, கையால் ஊட்டுவாள். இதெல்லாம் சரி. காலையில் ஈரல் தடவிய ரொட்டி ஒன்று, கடையில் வாடிக்கையாளர்கள் நீட்டும் பிஸ்கட் நாலு, மாலையில் சாசேஜ் ஒரு துண்டு, இது சரியில்லை. மருத்துவர் டிங்காவை எடைப்பலகையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "இது நாயா, சோபா மெத்தையாம்மா?" என்று கேட்டார். யூரிட் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள், ஒரு வாரம்.

நாளெல்லாம் கடைக் கதவோரம் படுத்திருந்து, மாலையில் யூரிட்டின் வோல்வோ காரின் பின்கதவு திறந்ததும் ஒரே தாவலில் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள் டிங்கா. அவளைப் போல வண்டிச் சவாரியை விரும்பியவர் எங்கள் ஊரில் வேறு யாருமில்லை.

முதல் இலையுதிர் காலத்தில் ஓஸ்முன் அவளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"என்ன, முயல் கிடைச்சுதா?"

"முயலா? காலையிலேருந்து என் கால்மேல உட்கார்ந்திருந்தா. மத்தியானம் எழுந்தா. அடடா, கிளம்பிட்டாளேன்னு பார்த்தா, என் சாப்பாட்டுப் பையை மோந்து பார்த்துட்டு மறுபடி உட்கார்ந்துட்டா."

யூரிட் சிரித்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த கோடையில் ஓஸ்முன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றபோதுதான் சிரிப்பு நின்றது.

"இங்க பாரு யூரிட். இவ அம்மா செத்துட்டா, கூடப் பிறந்தவளுக்குக் குட்டி தங்கல. அந்த வழியில மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான். சங்கத்துல நெருக்கிறாங்க. திரிசில் பக்கம் ஒருத்தர் கேக்கிறார். நல்ல வேட்டைக்காரர், காட்டுக்குள்ளயே வீடு. இந்த இலையுதிர் காலத்துலயும் பரிசு வாங்கலைன்னா அவர்கிட்ட குடுத்துடறதுதான் நியாயம்."

"யாருடா நியாயம் சொன்னது?"

"நாய் என் பேர்ல இருக்கு, யூரிட்."

அவன் அதைக் கத்திச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதனால்தான் யூரிட்டுக்குப் பயம் வந்தது. திரிசில் எங்கேயோ வடக்கே கிடக்கிறது, போனால் போனதுதான். எதிரே டிங்கா முதுகைத் தரையில் போட்டு நாலு காலையும் விரித்துக்கொண்டு குறட்டை விட்டாள்.

"அதுவரைக்கும் என்கிட்ட விடு," என்றாள் யூரிட். "நானே பழக்கறேன்."

"நீயா? முயலைத் தட்டுல வச்சுத்தான நீ பார்த்திருக்க!"

"தட்டுல இருக்கிறது ஒருகாலத்துல ஓடினதுதானடா."

ஊரில் யார் யாரோ சொன்ன யோசனையெல்லாம் கடைக்கு வந்து சேர்ந்தது. பட்டினி போடு என்றார் ஒருவர். பட்டினி போட்ட நாய்க்கு ஓடத் தெம்பேது என்றார் அடுத்தவர். மீன்கடைக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே, "முதல்ல நாயைக் கட்டில்ல படுக்க விடாதே," என்றார்.

"அவ கட்டில்ல எனக்கு இடம் குடுத்திருக்கா. நான் எங்க போய் அவளை வெளிய தள்ளுறது?" என்றாள் யூரிட்.

ஆனால் பிஸ்கட் டப்பாவை அலமாரியின் உச்சியில் ஏற்றினாள். கடை திறப்பதற்கு முன்பு தினமும் ஏரிக்கரைக் காட்டில் இருவரும் நடந்தார்கள். முதல் மாதம் டிங்கா மெலிந்தாள், இரண்டாம் மாதம் யூரிட் மெலிந்தாள். கோடை முடிந்து, நாய்களைக் காட்டில் அவிழ்த்துவிட அனுமதி தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு காலை, புல்வெளி ஓரத்தில் ஒரு முயல் அவர்கள் காலடியிலிருந்தே எழுந்து ஓடியது. டிங்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இப்படியொரு பிராணி இருப்பதாக யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று கேட்பது போல யூரிட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, முயல் இருந்த இடத்தில் மூக்கை வைத்தாள். வால் நடுங்கியது. அடுத்த நொடி தொண்டையைத் திறந்தாள்.

யூரிட் அதுவரை அந்தக் குரலைக் கேட்டதில்லை. குரைப்பு இல்லை அது. நீளமாக, கணீரென்று, விடாமல் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. தொலைவில் போய்ச் சன்னமாகி, ஏரியைச் சுற்றி மறுபடி பெரிதாகி வந்தது. யூரிட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் தன் சோபாவில் படுத்திருந்தது இதுவா என்று நினைத்தாள். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அன்று கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தாள். வாசலில் காத்திருந்தவர்கள் திட்டியது காதில் விழவில்லை.

தேர்வு அக்டோபர் கடைசியில் வந்தது. அது நாயின் கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டி வீட்டிலிருந்தபடியே தேடும் காலமல்ல. காதுதான் எல்லாம். நாயை அவிழ்த்துவிடுவார்கள், முயலை எழுப்பி, மொத்தம் இரண்டு மணி நேரம் குரல் கொடுத்தபடி விரட்டினால் முதல் பரிசு, கொஞ்சம் குறைந்தால் அடுத்தது. இடையில் வாசனை தப்பினால் நாய் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். வளர்த்தவர் கூப்பிட்டாலோ, கை வைத்தாலோ, ஒரு வாய் தின்னக் கொடுத்தாலோ தேர்வு அத்தோடு முடிந்தது.

நடுவர் ஹால்வர் மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர், அடுத்தவர் பேசினாலும் பிடிக்காதவர். தீ மூட்டிக் கெட்டிலை வைத்தார். டிங்காவை அவிழ்த்துவிட்டார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேட்டுக்கு அப்பால் ஒரு குரல் எழுந்தது.

"உங்க நாயா?" என்று கேட்டார் ஹால்வர். வளர்த்தவர் தன் நாயின் குரலை அடையாளம் சொன்ன பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள்.

"என் நாய்தான்! அவளேதான்! கேளுங்க, அந்த இழுப்பு இருக்கே, அது அவளுக்கு மட்டும்தான் வரும். காலையில ரொட்டி தர லேட்டானா இதே இழுப்புதான், அடுத்த வீட்டுக்காரம்மா சுவத்துல இடிப்பாங்க, அதுக்கும் இவ பதில்..."

"ஏம்மா," என்றார் ஹால்வர். "உங்க வாயைக் கேட்டா அந்த முயல் சுவீடனுக்கே ஓடிடும். வண்டியில போய் உட்காருங்க. தேர்வு முடிஞ்சதும் கூப்பிடறேன்."

ஓஸ்முன் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். யூரிட் முகத்தை நொடித்துக்கொண்டு நடந்தாள். தீ மூட்டிய இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், காட்டுப் பாதையோரம், அவள் வோல்வோ நின்றது. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். டிங்காவின் குரல் போய்ப் போய் வந்தது. இப்படியே போனால் போதும் என்று எண்ணி ரொட்டியைக் கடிக்கவும் மறந்தாள்.

திடீரென்று குரல் நின்றது.

முயலுக்கு ஒரு தந்திரம் உண்டு. துரத்தல் நெருங்கினால் காட்டைவிட்டுச் சரளைக்கல் பாதைக்கு வந்து அதன் நடுவிலேயே ஓடும். கல்லில் வாசனை நிற்காது. டிங்கா பாதைக்கு வந்து, இந்தப் பக்கம் மோந்து, அந்தப் பக்கம் மோந்து, தலையை நிமிர்த்தினாள். எதிரே வோல்வோ.

அவளுக்கு அந்த வண்டி என்றால் வீடு. நாக்கு தொங்க ஓடிவந்து பின்கதவருகே நின்றாள். வழக்கமாக நிற்கும் இடம். வாலை ஆட்டினாள். பாதை வளைவில் ஹால்வர் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையில் கடிகாரம்.

யூரிட் ரொட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளினாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். கதவைத் திறந்தால் டிங்கா இன்றைக்கு அவளோடு வீட்டுக்கு வருவாள், அடுத்த வாரம் திரிசிலுக்குப் போவாள். திறக்காவிட்டால்... தன்னை வேண்டாமென்று விட்டதாக டிங்கா நினைத்துக்கொள்வாள். டிங்கா முன்னங்காலைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தாள். கதவைப் பிராண்டினாள். மூக்கு பட்ட இடமெல்லாம் கண்ணாடி மங்கியது. கூ என்று ஒரு சின்னச் சத்தம் போட்டாள், குட்டியில் போட்ட சத்தம். போ கண்ணு, போ, என்று சொல்லக்கூட அனுமதியில்லை. வாழ்நாளில் முதல் முறையாக யூரிட் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. துடைக்கக் கை எடுத்தால் அதைக்கூட டிங்கா அழைப்பென்று எடுத்துக்கொள்வாளோ என்று துடைக்கவுமில்லை.

டிங்கா காலை இறக்கினாள். கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தாள். பிறகு திரும்பி, தலையைத் தாழ்த்தி, பாதையோரப் பள்ளத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நடந்தாள். புதருக்குள் போனாள். ஹால்வர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த முறை பார்ப்பதற்குள் காடு அதிர அந்தக் குரல் எழுந்தது.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. முதல் பரிசுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாம் பரிசு. குட்டி போட அது போதும். ஓஸ்முன் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தான், அது மரக்கிளையில் மாட்டிக்கொண்டது.

"திரிசில்காரர் வேற நாயைப் பார்த்துக்கட்டும். ஈத்து முடிஞ்சா அவ உனக்குத்தான்," என்றான்.

"அவ எங்க?" என்றாள் யூரிட்.

டிங்கா நிற்கவில்லை. பரிசு கிடைத்தது அவளுக்குத் தெரியாதே. குரல் கிழக்கே, எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓஸ்முன் கொம்பு ஊதினான். யூரிட் பெயர் சொல்லிக் கூவினாள். இப்போது கூப்பிடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கூப்பிடலாம், கேட்கத்தான் ஆளில்லை. குரல் மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போனது. நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கியது.

இதற்கும் எங்கள் வேட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. நாய் திரும்பாவிட்டால் உடுத்தியிருந்த கோட்டைக் கழற்றி, காலையில் நாயை அவிழ்த்துவிட்ட இடத்தில் விரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். நாய் வந்த வழியே மோந்து திரும்பிவந்து, கோட்டின் மேல் சுருண்டு படுத்துக்கொள்ளும். விடிந்ததும் போய் எடுத்துக்கொள்ளலாம். ஓஸ்முன் தன் கோட்டைக் கழற்றினான்.

"அதை மாட்டிக்கோ," என்றாள் யூரிட். "உன் கோட்டுல பைப் நாத்தம்தான் அடிக்குது. அவளுக்கு என் வாசனைதான் தெரியும்." தன் கோட்டைக் கழற்றிப் பாசி மேல் விரித்தாள். கைப்பகுதியைச் சரிசெய்தாள். மறுபடி குனிந்து காலரைச் சரிசெய்தாள்.

"நான் இங்கயே இருக்கேன்டா."

"இருக்கக் கூடாது. நீ கத்திக்கிட்டே இருந்தா அவ திசை தெரியாம அலைவா. கிளம்பு."

"அவளை வெளிய நிக்க வச்சுட்டேன், ஓஸ்முன். அவ மூஞ்சியைப் பார்த்திருந்தா தெரியும். பரிசும் வேணாம் ஒண்ணும் வேணாம், அவ வந்தா போதும்."

ஓஸ்முன் தன் கோட்டை அவள் தோளில் போட்டு வண்டியில் ஏற்றினான்.

அந்த இரவைப் பற்றி யூரிட் யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் போன கதையை ஊருக்கே சொன்னவள், இதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

விடியும்போது அவள் குறுக்கு வழியாகக் காட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு முன்பே ஓஸ்முன் வந்து, கோட்டருகே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். கோட்டின் மேல் உறைபனி சீராகப் படிந்திருந்தது. எதுவும் அதன் மேல் படுத்த அடையாளமில்லை.

"பொறு," என்றான் ஓஸ்முன். "வருவா. எங்கப்பா காலத்துலேருந்து எந்த நாயும் கோட்டுக்கு வராம இருந்ததில்ல. இங்கேயே உட்காரு."

யூரிட் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அவளால் முடியவில்லை. "நான் பாதைப் பக்கம் பார்த்துட்டு வரேன்," என்று வோல்வோவைக் கிளப்பினாள். ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, நடக்கிறவர் முந்திப் போகும் வேகத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே ஓட்டினாள்.

பாதை வளைவைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்தாள்.

நேற்று வண்டி நின்ற இடத்தில், டயர் பதிந்த தடத்துக்குப் பக்கத்தில், டிங்கா உட்கார்ந்திருந்தாள். கோட்டைத் தேடி அவள் போகவேயில்லை. முதுகெல்லாம் உறைபனி. புதரில் அடிபட்ட வால் நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது. நேற்று பின்கதவு இருந்த இடத்துக்கு நேரே உட்கார்ந்து, இப்போது அங்கே கதவில்லாத வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறக்கும் என்று காத்திருந்திருக்கிறாள், ராத்திரி முழுக்க.

யூரிட் வண்டியை மெல்ல முன்னே எடுத்து, நேற்று நின்ற அதே தடத்தில் நிறுத்தினாள். டிங்கா அவளிடம் ஓடிவரவில்லை. கதவைத்தான் பார்த்தாள். யூரிட் இறங்கிச் சுற்றி வந்தாள். பின்கதவை அகலத் திறந்தாள்.

"ஏறு, என் கண்ணு," என்றாள்.

டிங்காவுக்குத் தாவத் தெம்பில்லை. முன்னங்காலை மட்டும் தூக்கி வைத்தாள். மீதியை யூரிட் தூக்கி ஏற்றினாள். பிறகு ஓட்டுநர் இருக்கைக்குப் போகாமல் தானும் பின்னாலேயே ஏறி, அந்த ஈர நாயை மடியில் போட்டுக்கொண்டு, கதவை உள்ளேயிருந்து சாத்தினாள். ஓஸ்முன் கோட்டை எடுத்துக்கொண்டு நடந்து வந்து வண்டியை ஓட்டும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.